மக்கள் பூங்கா

சித்தூர், திருப்பதிப் பக்கங்களிலிருந்து இரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் வந்து இறங்குவோர், எதிரே 'பூங்கா' என்னும் சிறு நிலையத்தைக் காண்பர். அப்பகுதிக்கும் பூங்கா நகர் என்பதே பெயர். ஆனால், அப்பெயருக்குக் காரணமாயிருந்த பெரும் பூங்காவைத் தேடினால் அது கண்ணுக்குத் தென்படாது. பெயர் நிலைத்துப் பொருள் மறைந்த கதை இது.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், நெருக்கடி மிகுந்த நகரத்தின் மேற்கே, அந்நாளில் நகர்ப்புறமாகக் கிடந்த நிலத்தில் மக்கள் பூங்காவை நிறுவினார். அதன் பரப்பு ஏறத்தாழ 116 ஏக்கர். குளங்கள், உலாவும் பாதைகள், வாத்திய மேடைகள், பந்தாடும் இடங்கள் எல்லாம் அங்கு அமைந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையும் பின்னர் இங்கு வந்து சேர்ந்தது. பாடம் செய்த உடல்களை வைத்திருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், இதனை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் வேடிக்கையாக வழங்கினர்.

பின்பு நடந்தது என்ன? விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் நகராண்மையின் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டரங்கமும் வந்தது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதே. அவ்வரங்கில்தான் 1956இல் வினூ மன்கடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தனர். எனினும், அரங்கத்தில் ஆடுவோர் சிலர், காண்போர் பலர். திறந்த திடலிலோ எவரும் ஆடலாம். இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று; அவ்விடம் இரயில்வேயைச் சேர்ந்தது. அவ்வாண்டே விலங்குகளும் வண்டலூருக்குப் போயின. மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு துண்டுகளே இன்று பசுமையாக எஞ்சியுள்ளன.

இதனை நாம் எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பதி 2022இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஊர் நாற்புறமும் விரிகிறது. சேஷாசல மலையடிவாரத்தில் விலங்குகளுக்கென 1987லேயே பரந்த பூங்கா அமைந்துவிட்டது. சிறுவர் ஓடியாடவும் முதியோர் உலாவவும் அதுபோன்ற இடம் வேண்டாவா? நகர்ப்புறத்து நிலம் மலிவாக இருக்கும்போதே அதை ஒதுக்க வேண்டும். ஒதுக்கியபின், எத்துணை நல்ல கட்டடத்துக்காயினும் அதில் ஒரு முழமும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. பூங்காக்கள் ஒரே நாளில் அழிவதில்லை. நல்ல காரணங்களுக்காகச் சிறிது சிறிதாகவே அவை மறைகின்றன.