ஆளுக்கு டிக்கெட்டா, எடைக்கு டிக்கெட்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், லாரியை எடை மேடையில ஏத்தி நிறுத்துறதை நாம அடிக்கடி பாத்திருப்போம். சரி, அதே மாதிரி விமானத்துல ஏறுற ஆளையும் எடை போட்டு, கிலோ கணக்குல கட்டணம் வாங்கினா எப்படி இருக்கும்?

சும்மா சொல்லலைங்க, நிஜமாவே நடந்திருக்கு! பசிபிக் கடல்ல சமோவான்னு ஒரு குட்டித் தீவு நாடு. அங்க 'சமோவா ஏர்' நிறுவனம் 2013-ல இந்த முறையைக் கொண்டு வந்துச்சு. டிக்கெட் போடும்போதே பயணிகள் தங்களோட எடையைச் சொல்ல வேண்டியிருந்துச்சு. விமான நிலையத்துல அவங்களையும் பெட்டியையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தாங்க.

காரணம் என்ன தெரியுமா? அந்த நிறுவனம் ஓட்டினது ஒரு சில பேர் மட்டுமே உட்காரக்கூடிய சின்ன விமானங்கள். அதுல ஒவ்வொரு கிலோவும் கணக்கு! குழந்தைகளோட போன குடும்பத்துக்கு இது லாபம். "உடம்பை வெச்சா காசு கேக்கறது?"ன்னு எதிர்ப்பும் கிளம்புச்சு.

நல்லவேளை, நம்ம ஊரு ஷேர் ஆட்டோவுல இன்னும் தராசு வரலை!