மலைவழித் தொண்டர் குழு: அடிவார ஊராட்சிகளுக்கு ஓர் அழைப்பு

மலைகளைக் கண்டு களிக்கவும், காட்டு வழிகளில் நடந்து பழகவும் நகரத்து இளைஞர்கள் பெருந்தொகையினராக வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. உடலுறுதியும், துணிவும், இயற்கையின்பால் அன்பும் இதனால் வளரும். ஆனால் காடு பூங்காவன்று. அதன் இயல்பை அறிந்தவர் துணையின்றி அதனுள் புகுவது உயிருக்கு ஆபத்தாகும். அந்தத் துணை நமது மலையடிவாரக் கிராமங்களிலேயே இருக்கிறது. அதனை ஒரு தொண்டர் குழுவாக ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குரங்கணி தந்த பாடம்

தேனி மாவட்டம், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிகழ்ந்த துயரம் யாவரும் அறிந்ததே. மலையேற்றத்திற்கு வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினர். 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களைத் தேடி முதலில் மலையேறியவர்களுள் அடிவாரத்து ஊராரும் இருந்தனர். காயமுற்றோரை இருளில் சுமந்து இறக்கியவர்களும் அவர்களே. ஆபத்து வந்தபின் தேடப்படும் இம்மக்கள், பயணம் தொடங்கும்போதே உடனிருக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

தீயின் போக்கை அறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சற்று விளக்குவது நலம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலைச்சரிவிலுள்ள புல் நன்கு உலர்ந்துவிடுகிறது. சமவெளியில் பரவும் தீயைவிடச் சரிவில் ஏறும் தீ மிக விரைவானது. கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதே அதன் காரணம். சரிவு 10 பாகை மிகுந்தால் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயியல் வல்லுநர் கண்ட கணக்கு. பகற்பொழுதில் வெயிலேறும்போது காற்றும் சரிவின் மேல்நோக்கி வீசும். ஆகவே, தீயைக் கண்டு மேட்டை நோக்கி ஓடலாகாது. ஒடுங்கிய பள்ளத்தில் இறங்குவதும் தவறு. அது புகைபோக்கிபோல் நெருப்பை இழுக்கும். பக்கவாட்டில் விலகி, புல்லற்ற அகன்ற பாறையையோ, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலத்தையோ அடைவதே அறிவுடைமை. உடுப்பு பருத்தியாக இருத்தல் நன்று. நைலான் முதலியவை வெப்பத்தில் உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும்.

சட்டமும் ஏற்பாடும்

குரங்கணிக்குப் பின்னர், 2018ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. பழங்குடி இளைஞர்களும் வனத்தை ஒட்டிய ஊர்களின் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். 2025இல் தீக்காலத்தை முன்னிட்டு, பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை தடங்கள் மூடப்பட்டன. காப்புக்காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி எவரையும் அழைத்துச் செல்லலாகாது என்பதைத் தொண்டர்கள் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும்.

முன்னோர் கற்றுத் தந்த கலை

பளியர், முதுவர், காணிக்காரர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகியோரிடம் பல தலைமுறைகளாக வளர்ந்த அறிவு உண்டு. யானையின் சாணம் புதிதா பழையதா என்று பார்த்து, அது எப்போது கடந்து சென்றது என்பதை அவர்கள் உய்த்துணர்வர். ஒரு பிடி புழுதியைத் தூவிக் காற்றின் திசையறிந்து, தம் மணம் விலங்கை எட்டாத பக்கமாக நடப்பர். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டும்போது கொடியோடு தலைப்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுவர். அது மீண்டும் தழைக்கும். எடுப்பதிலும் அளவு காணும் இப்பண்பு, வருவோருக்குக் கற்பிக்கத் தகுந்த முதற்பாடம்.

எனினும், பாம்புக்கடிக்குப் பச்சிலையை நம்பிக் காலந்தாழ்த்துதல் கூடாது. கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கே விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசையாதபடி வைத்து, 108 ஊர்தியை அழைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசேர்த்தலே முறை.

குழுவை அமைக்கும் விதம்

வனத்தை ஒட்டிய ஊராட்சிகள் இதனைக் கிராம சபையில் எடுத்துக்கொள்ளலாம். தீக்காலம் தொடங்குமுன் கூடும் ஜனவரி 26ஆம் நாள் சபை இதற்கு மிகவும் பொருத்தமானது. காடறிந்த மூத்தோர் சிலரையும், உடல்வலிமையுள்ள இளைஞர் பத்துப் பதினைவரையும் சேர்த்தல் போதும். பெண்களும் இடம்பெறுதல் வேண்டும். விறகுக்கும் கிழங்குக்கும் சென்றுவரும் அவர்கள் அறிந்த வழிகள் பல. வனச்சரக அலுவலரையும், ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும், தீயணைப்புத் துறையினரையும் அழைத்து ஆண்டுதோறும் பயிற்சி பெறலாம். மலைக்குச் செல்வோரின் பெயர், செல்லும் வழி, திரும்பும் நேரம் ஆகியவற்றை அடிவாரத்தில் ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் எளிய செயல். ஆயினும் தேடும் வேளையில் அதுவே பேருதவி புரியும். கயிறு, தூக்குக் கட்டில், கைவிளக்கு, தண்ணீர்ப் பாத்திரங்கள் ஆகியவை ஊரிலேயே ஆயத்தமாக இருக்கட்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். தீக்காவலும் மீட்புப் பணியும் தொண்டு. வழிகாட்டுதலோ தொழில், அதற்குரிய ஊதியம் வழிகாட்டியின் கையிலேயே சேரவேண்டும். பழங்குடி இளைஞன் மூட்டை சுமக்க, அவன் அறிவுக்குரிய பலன் பிறரைச் சேர்வது நியாயமாகாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் வனவிலங்கையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் அளித்துள்ளது. அப்பொறுப்பை ஏற்கும் ஊருக்கு அதன் பயனிலும் பங்கு இருத்தல் முறையே.

விவசாயிகளுக்கும் இதில் கடமை உண்டு. இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ச்சல் சரிவில் வைக்கும் நெருப்பும், வயலோரத்தில் அணைக்காது விடும் நெருப்பும் காட்டை அழிக்கும். காடு அழிந்தால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் நமது கிணறும் வற்றும். தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவு செய்ய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒரு நாள் உழைத்தால், மலையும் பிழைக்கும், மலைக்கு வந்தவரும் நலமாக வீடு திரும்புவர். அடுத்த கிராம சபையிலேயே இப்பணிக்கு அடிகோலுமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.