பையிலே ஒரு கணக்குப்பிள்ளை!

மளிகைக் கடைக்குக் கணக்கு வைக்கிறோம். பால்காரருக்குக் கணக்கு வைக்கிறோம். வயிற்றுக்குள் போவதற்கு யாராவது கணக்கு வைக்கிறோமா?

இப்போது அதற்கும் ஒரு கணக்குப்பிள்ளை வந்துவிட்டார். சம்பளம் கேட்க மாட்டார். சட்டைப் பையிலேயே குடியிருப்பார். அவர்தான் செல்போன்!

என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம் என்று தினமும் குறித்து வைக்கும் வசதி செல்போனில் உண்டு. இதற்குச் "செயலி" என்று பெயர். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019-ல் இப்படி ஒரு செயலியை வெளியிட்டது. பெயர் "நியூட்ரிபை இந்தியா நவ்". அந்த நிறுவனம் நமக்கு அன்னியம் அல்ல. 1918-ல் நமது குன்னூரில் சிறிய ஆராய்ச்சிக்கூடமாகப் பிறந்ததுதான். 1958-ல் ஐதராபாத்துக்குக் குடிபோனது.

எழுதி வைத்தால் எடை குறையுமா? அமெரிக்காவில் சுமார் 1,700 பேரைக் கவனித்துப் பார்த்தார்கள். சாப்பிட்டதைத் தினமும் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைந்தது. இது 2008-ல் வெளியான செய்தி.

டீயில் போன கணக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். "நான் அதிகம் சாப்பிடுவதே இல்லை. ஆனாலும் தொப்பை விழுகிறதே!" என்கிறார். ஒரு நாளைக்கு நான்கு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு சிறு கரண்டி சர்க்கரை 5 கிராம். அதில் 20 கலோரி. (உணவு உடலுக்குத் தரும் சக்தியை அளக்கும் அளவுதான் கலோரி.) ஆக, சர்க்கரையில் மட்டும் 160 கலோரி! அதைச் செலவழிக்க 60 கிலோ எடையுள்ளவர் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்.

டீயை யாரும் சாப்பாட்டோடு சேர்ப்பதில்லை. சேர்த்து எழுதினால்தான் குட்டு வெளிப்படும்.

களியை நிறுக்காதீர்!

கிருஷ்ணகிரிப் பக்கம் ராகிக் களி இல்லாத வீடு அபூர்வம். செயலியில் "களி" என்று தேடிக் கிடைக்காவிட்டால் திகைக்க வேண்டாம். கன்னடத்தில் "ராகி முத்தே", தெலுங்கில் "ராகி சங்கடி" என்று தேடிப் பாருங்கள். மூன்று மொழி பேசும் ஊர்க்காரருக்கு இது ஒரு கஷ்டமா?

கஷ்டம் அளவில்தான். செயலி "ஓர் உருண்டை" என்று கேட்கும். யார் வீட்டு உருண்டை? தண்ணீரும் சேர்ந்ததுதானே களி! அதனால் கிண்டுவதற்கு முன் மாவை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி. அரிசியில் சுமார் 356. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்தைப் பாருங்கள். ராகியில் 364 மில்லி கிராம். அரிசியிலோ பத்துகூடத் தேறாது! கலோரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது.

அடி எண்ணும் கருவி

டைட்டன் கடிகாரம் தயாராகும் ஊர் ஓசூர். முன்பெல்லாம் கடிகாரம் மணி மட்டும் காட்டியது. இப்போது சில கடிகாரங்கள் நாம் வைக்கும் அடியையும் எண்ணுகின்றன. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு கருவி அசைவை உணர்ந்து கணக்கிடுகிறது.

இந்தக் கணக்கும் சில நேரம் தவறும். கை ஓயாமல் ஆடும் வேலையில் இருப்பவருக்கு, கை அசைவையே அடி என்று எண்ணிவிடும். போனை வெளியே வைத்துவிட்டு வேலைக்குள் போகிறவர் நாள் முழுவதும் நடந்தாலும் போனுக்குத் தெரியாது!

"தினம் 10,000 அடி" என்கிறார்களே, அது வைத்தியர் கண்டுபிடித்தது அல்ல. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயர்! 7,000 அடியிலேயே நல்ல பலன் உண்டு என்று 2025-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

இரவு ஷிப்டா?

செயலிக்கு நள்ளிரவு 12 மணியோடு நாள் முடிந்துவிடும். இரவு ஷிப்டுக்காரருக்கு அப்போதுதான் பாதி வேலை! அவருடைய சாப்பாடும் நடையும் இரண்டு நாள் கணக்கில் சிதறிவிடும். அவர் ஒரு நாள் கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏழு நாளையும் கூட்டி, ஏழால் வகுத்துப் பார்க்கட்டும்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் செயலி சொன்னது என்று சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 5-8-2021 அன்று தொடங்கி வைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம் அது. அப்படி வருகிறவர்களிடம் போனில் உள்ள ஒரு வாரக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். டீயையும் சேர்த்து!