கணக்கைக் கோடாக வரைவோம்

சங்கத்தின் பொதுச்சபைக் கூட்டங்களில் வரவு செலவுப் பட்டியல் படிக்கப்படும்பொழுது அங்கத்தினர்களில் பெரும்பாலோர் மௌனமாயிருக்கின்றனர். விவாதம் மூளுவது புதிய செலவொன்றை மேற்கொள்ளலாமா என்ற கேள்வி எழும்பொழுதுதான். அவ்வேளையில் உரத்த குரலே வெல்வதை ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் கண்டிருக்கிறேன். ஒரு தாளும் ஓர் அளவுகோலும் இருந்தால் தீர்ந்துவிடக்கூடிய வழக்குகள் அவற்றுள் பல.

உதாரணமாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நெசவாளர் சங்கம் பாவு ஓட்டும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்த எண்ணுகிறது. வாடகை மாதம் ரூ. 1,800. அதன்மேல் ஒவ்வொரு பாவுக்கும் ஆட்கூலி முதலியன ரூ. 20. வெளியில் ஓட்டக் கொடுத்தாலோ பாவு ஒன்றுக்கு ரூ. 50, வேறு செலவில்லை. (எண்கள் கணக்கின் பொருட்டு எடுத்துக்கொண்டவை, தத்தம் ஊர் விலையை அன்பர்கள் இட்டுக்கொள்க.) மாதச் செலவைச் 'செ' என்றும் பாவுகளின் எண்ணிக்கையைப் 'பா' என்றும் குறித்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கின்றன:

சொந்தமாக ஓட்டினால்: செ = 20பா + 1,800
வெளியில் கொடுத்தால்: செ = 50பா

இனிக் கட்டத்தாளுக்கு வருவோம். ஜக்கார்டு அட்டை வெட்டுவதற்கு முன் பூவேலையைக் கட்டத்தாளில் எழுதும் வழக்கத்தை நெசவாளர் அறிவர். எத்தனையாவது பாவு நூல், எத்தனையாவது ஊடை என்ற இரண்டு எண்களால் துணியின் எந்த இடத்தையும் தவறின்றிச் சுட்டிவிடலாம். கணித நூலார் செய்வதும் இதுவே. பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூல் இம்முறைக்கு அடிகோலிற்று. தாளின் அடியில் கிடையாக ஒரு கோடும், இடப்புறம் நிமிர்ந்த ஒரு கோடும் வரைக. இவை அச்சுகள், இரண்டும் கூடுமிடம் சுழி. கிடை அச்சில் கட்டத்துக்குப் 10 பாவு, நிமிர்ந்த அச்சில் கட்டத்துக்கு ரூ. 500 என அளவு வைத்துக்கொள்ளலாம்.

முதற் சமன்பாட்டில் பாவே இல்லாத மாதம் செலவு ரூ. 1,800. ஆகவே நிமிர்ந்த அச்சில் 1,800க்கு நேரே ஒரு புள்ளி. நூறு பாவுக்கு ரூ. 3,800, அங்கே மற்றொரு புள்ளி. அளவுகோலை வைத்து இரண்டையும் இணைத்திடுக. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளிகளே போதுமென்றாலும் மூன்றாவதாக ஒன்றைச் சோதனைக்கு இடுவது நன்று. ஐம்பது பாவுக்கு ரூ. 2,800, அது கோட்டின்மேல் விழவில்லையேல் எங்கோ பிழை. இரண்டாவது சமன்பாட்டின் கோடு சுழியில் தொடங்கி, நூறு பாவுக்கு ரூ. 5,000 என்ற புள்ளியை நோக்கிச் செங்குத்தாக ஏறும். பாவு ஒன்றுக்கு 20 ரூபாய் ஏறுவதற்கும் 50 ரூபாய் ஏறுவதற்கும் உள்ள வேற்றுமையே சாய்வின் வேற்றுமை.

இரு கோடுகளும் 60 பாவு, ரூ. 3,000 என்ற இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அறுபதுக்குக் குறைந்தால் வெளியில் கொடுப்பது சிக்கனம். மிகுந்தால் இயந்திரமே சிக்கனம்.

விவசாய அங்கத்தினருக்கும் இதில் பயனுண்டு. ரூ. 10,000 கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 7 தனிவட்டி என்றால், ஆண்டு முடிவுகளில் நிலுவை ரூ. 10,700, 11,400, 12,100 என நேர்கோட்டில் ஏறும். கடன் கொடுத்தவரின் கணக்கு மூன்றாம் ஆண்டில் ரூ. 12,250 காட்டுமாயின் புள்ளி கோட்டுக்கு மேலே நிற்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்திருக்கிறதா என்று அப்பொழுதே கேட்டுவிடலாம்.

மீண்டும் பாவுக்கு வருவோம். ஆண்டில் ஆறு மாதம் வேலை மிகுந்து மாதம் 90 பாவு. எஞ்சிய ஆறு மாதம் மந்தம், மாதம் 20 பாவு என்று கொள்வோம். வேலை மிகுந்த காலத்தில் கூடும் கூட்டத்தில், "மாதம் 900 ரூபாய் மிச்சம்" என்பார் ஒருவர். படத்தில் 90க்கு நேரே பார்த்தால் ரூ. 3,600க்கும் ரூ. 4,500க்கும் உள்ள இடைவெளி அதுவே. அவர் கூற்றில் பொய்யில்லை. ஆனால் 20க்கு நேரே பார்த்தால் இயந்திரச் செலவு ரூ. 2,200, வெளிக்கூலி ரூ. 1,000, மாதம் ரூ. 1,200 நஷ்டம். மந்த காலத்திலும் வாடகை நிற்பதில்லையே! ஆறு மாத மிச்சம் ரூ. 5,400, ஆறு மாத நஷ்டம் ரூ. 7,200, ஆண்டிறுதியில் சங்கத்துக்கு ரூ. 1,800 கைநஷ்டம். இவ்வளவு கூட்டிக் கழிக்கவும் வேண்டுவதில்லை. கோடுகள் நேரானவையாதலால் மாதச் சராசரியை மட்டும் பார்த்தாலே போதும். சராசரி 55, வெட்டும் இடமோ 60.

ஓர் எச்சரிக்கை. ஒரே இயந்திரத்தின் சக்தி எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் இக்கோடு செல்லும். அதற்குமேல் வேலை வந்து இரண்டாவது இயந்திரம் அமர்த்தினால், கோடு அவ்விடத்தில் ரூ. 1,800 அளவுக்குப் படிபோல் எழும்பிவிடும்.

இதனால் இயந்திரமே வேண்டாமென்று தீர்மானிக்க வேண்டியதில்லை. அதே தாளில் மூன்றாவதாக ஒரு கோடு வரைந்து பார்க்கலாம். வாடகை ரூ. 1,500 என்று குறைந்தால் கோடு சாய்வு மாறாமல் கீழே இறங்குகிறது. வெட்டும் இடம் 60லிருந்து 50க்கு வருகிறது. சராசரி 55 பாவு உள்ள சங்கத்துக்கு இப்பொழுது ஆண்டுக்கு ரூ. 1,800 மிச்சம். வாடகை பேசச் செல்லும் நிர்வாகிகள் எந்தத் தொகைக்குமேல் இசையலாகாது என்பதையும் இத்தாளிலிருந்தே அறியலாம்: 55 பாவுக்கு நேரே இரு வழியும் சமமாக வேண்டுமானால் வாடகை ரூ. 1,650.