கரும்பின் பிரிக்ஸும் ஒட்டுறவுக் கெழுவும்

ஆர்.எஸ்.புரத்திற்கு மேற்கே, 1912-ல் ஸ்தாபிக்கப்பெற்ற கரும்பு இனவிருத்தி நிலையத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். கரும்பு வெட்டுமுன் கைக்கருவியில் சில துளிச் சாறு விட்டுப் பிரிக்ஸ் பார்ப்பதும் வழக்கமே. பிரிக்ஸ், சாற்றில் கரைந்துள்ள யாவற்றையும் சேர்த்துக் காட்டுமேயன்றிச் சர்க்கரையைத் தனித்துக் காட்டாது. அதை நம்புவதெங்ஙனம்?

முற்றிய கரும்பில் கரைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரையே. ஆதலின் ஒன்று ஏற மற்றதும் ஏறும். இவ்விணக்கத்தின் பலத்தை, கார்ல் பியர்ஸன் 1896-ல் வகுத்த ஒட்டுறவுக் கெழுவால் அளக்கலாம். இரண்டும் பிசகாது ஒரே நேர்கோட்டில் ஏறினால் +1. ஒன்று ஏற மற்றது அவ்வாறே இறங்கினால் -1. நேர்கோட்டுத் தொடர்பே இல்லையேல் 0.

இளங்கரும்பில் வேறு பொருள்களும் மிகுதியாதலால் இணக்கம் தளரும். அவசரப்பட்டு வெட்டினால் வெல்லம் குறையும், நஷ்டம் நம்மைச் சாரும். ஆகையால் வயலின் பல பாகங்களிலும் பல கரும்புகளைச் சோதித்து, அளவுகளைச் சங்கத்தில் குறித்துவைத்துப் பின்னரே வெட்டு நாளை நிச்சயிப்பீர்களாக.