லோணார்: விண்கல் அகழ்ந்த ஏரி

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களுக்குத் தெற்கே செல்லும் இரயில் ஒன்றே வழி. குலதெய்வம், பாட்டி வீடு, ஒரு திருமணம், மீண்டும் தாதர். அதில் குறை காண்போம் அல்லோம். ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகளாக நமக்குச் சோறிடும் இம் மகாராட்டிர மண்ணில் நாம் கண்டவை எத்தனை? எல்லோராவையும் அஜந்தாவையும் கண்டோர் உளர். லோணாரைக் கண்டோர் மிகச் சிலர்.

சென்ற மார்கழியில் நாங்கள் மூன்று குடும்பத்தார் அங்குச் சென்று வந்தோம். புல்டாணா மாவட்டத்தில், பருத்தியும் துவரையும் விளையும் கரிசல் நிலத்தினிடையே உள்ளது அச்சிற்றூர். ஊரைக் கடந்து சிறிது மேடேறினால், காலடியில் நிலம் திடுமென வட்டமாகக் கீழே இறங்குகிறது. விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ 140 மீட்டர். அடியில் பச்சைநிற ஏரி, சுற்றிலும் காடு. உடன் வந்த சிறுவர் எழுவரும் சற்று நேரம் வாய்திறவாது நின்றனர். அதுவே ஓர் அதிசயம் எனலாம்!

இதனை எரிமலை வாய் என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லே இப்பள்ளத்தை ஆக்கிற்று என்பதைப் பாறைச் சான்றுகளுடன் 1973-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை நிறுவியது. அதனை எழுதிய நால்வருள் ஒருவர் பெயர் பாலசுந்தரம் என்று அறிந்தபோது, நம்முடன் வந்த பெரியவர் ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டார். கடும் மோதலில் மட்டுமே பிறக்கும் மாஸ்கெலினைட் என்னும் கண்ணாடிப் பொருள் இங்குள்ள பாறைகளில் கிடைத்துள்ளது. எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கற்பாறையில் விண்கல் மோதி இவ்வாறு செவ்வனே நிலைத்த பள்ளம் உலகில் மிக அரிது. அதன் வயதை முன்னர் ஐம்பதினாயிரம் ஆண்டு என்றனர். 2011-இல் வெளிவந்த ஆய்வு ஏறத்தாழ 5,70,000 ஆண்டு என்கிறது.

மக்கள் சொல்லும் கதை வேறு. லவணாசுரன் என்னும் அரக்கன் இக்குழியில் ஒளிந்திருந்தானாம்; திருமால் வந்து அவனை வதைத்தாராம். லவணம் என்றால் உப்பு. ஏரி நீரை நாவில் வைத்தால் கதைக்குக் காரணம் விளங்கிவிடும். உவர்ப்பும் காரமும் மிக்க அந்நீரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே செழிக்கின்றன. 2020 ஜூனில் ஏரி முழுதும் இளஞ்சிவப்பாக மாறியதும் அவற்றின் செயலே என்று ஆய்வாளர் கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் லோணார் இடம்பெற்றது.

ஊரினுள் உள்ள தைத்தியசூதனர் கோயில் அவ்வதத்தின் நினைவாகவே எழுந்தது. சிற்பங்கள் செறிந்த புறச்சுவரை நின்று நிதானமாகக் காண வேண்டும். நம் நாட்டுக் கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். கல் நெருங்கிப் பேசும் கோயில் அது.

பள்ளத்தின் விளிம்பில் கோமுகம் என்னும் ஊற்று இடையறாது பாய்கிறது. அது நல்ல நீர். நீராட வந்திருந்த மூதாட்டி ஒருவர், “எந்த ஊர் உங்களுக்கு?” என்று மராட்டியில் கேட்டார். நாம் “திருநெல்வேலி, ஆஜி” என்று தொடங்குமுன், நம் பேத்தி “டோம்பிவிலி” என்று விடையிறுத்துவிட்டாள். மூதாட்டி சிரித்து அவள் கையில் ஒரு கொய்யாவை வைத்தார். நமக்கு மட்டும் சற்றே உறுத்தியது; பிழை என்று திருத்தவும் வாய் வரவில்லை.

அங்கிருந்து காட்டுவழியே இறங்கினோம். மயில்கள் அகவின, கருமுகக் குரங்குகள் எங்கள் உணவுப் பையின்மேல் கண்ணாக இருந்தன. 2000-ஆம் ஆண்டு முதல் இது வனவிலங்குக் காப்பிடம். மரங்களிடையே சிதைந்த சிறு கோயில்கள் பல. வேர்கள் கற்களைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

கரையிலுள்ள கமலஜா தேவி கோயிலை எண்ணும்போதுதான் கவலை எழுகிறது. அண்மை ஆண்டுகளில் ஏரி நீர் உயர்ந்து அக்கோயிலை எட்டியுள்ளது. நீர் மிகுவது நல்லதுதானே என்று நம்மவர் கேட்கலாம். இவ்வேரிக்கு அன்று. நன்னீர் பெருகினால் உவர்ப்புக் குறையும். உவர்ப்புக் குறைந்தால் அந்நுண்ணுயிர்கள் அழியும். ஊர்க் கழிவுநீர் பள்ளத்துள் இறங்கிய கேடும் உண்டு. ஏரியைக் காக்கும் பொருட்டு உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வில் வழக்குகளும் நடந்துள்ளன. அரை இலட்சம் ஆண்டோ, ஐந்து இலட்சம் ஆண்டோ நிலைத்த ஒன்று, நம் பேரர் காலத்துள் சாதாரணக் குளமாகிவிடலாம் என்பது சிறு செய்தியா?

செல்ல விழைவோர்க்குச் சில சொற்கள். ஜால்னா வரை இரயிலில் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சாலையில் செல்லலாம். 2025 ஜூனில் முழுதும் திறக்கப்பட்ட நாகபுரி–மும்பை விரைவுச்சாலையில் வருவோர் மேகர் அருகே இறங்கலாம். அவ்வூரில் சாரங்கதர பாலாஜி ஏறத்தாழ பதினோரடி உயரக் கருங்கல் திருமேனியாக நிற்கிறார். 1888-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டவர். வைணவ அன்பர்கள் அவரைச் சேவியாது திரும்பலாகாது. பள்ளத்தில் காலையிலேயே இறங்குக. குடிநீரும் உறுதியான செருப்பும் இன்றியமையாதன. ஏரிக்கரையில் நாற்றம் வீசும். சிறுவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விளையாடுவர். நவராத்திரியில் தேவிக்கு விழா நடைபெறும். கூட்டம் வேண்டாதோர் மார்கழி, தை மாதங்களைத் தேர்க.