வடிவம் ஒன்று, குறிகள் இரண்டு: வேறுபட்ட இயங்குதளங்களுக்கிடையே தமிழ்க் கோப்புப் பகிர்வும் அச்சுப் பகிர்வும்

ஆய்வுச் சுருக்கம்

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் உருவாகும் தமிழ்க் கோப்புகள் ஒரே வலையமைப்பில் பகிரப்படும்போது கோப்புப் பெயரிலும் பனுவலிலும் அச்சுப்படியிலும் சில மாற்றங்கள் நேர்கின்றன. அவற்றின் காரணங்களை விளக்கி, பதிப்புப் பணியில் அவை பொய்யான பாடவேறுபாடுகளைத் தோற்றுவிக்கும் முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், கோப்புப் பகிர்வு, ஒருங்குறி, இயல்பாக்கம், அச்சுப் பகிர்வு, பாடவேறுபாடு.

முன்னுரை

சென்னை அடையாறும் அதனை அடுத்த பகுதிகளும் தமிழாய்வுக்குரிய மூலங்கள் செறிந்த இடங்களாகும். 1886ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகம், 1943ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், 1994ஆம் ஆண்டு உருவாகி இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவை சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இவற்றில் பயிலும் ஆய்வாளர்கள் ஏடுகளிலிருந்தும் பழம்பதிப்புகளிலிருந்தும் படியெடுத்தவற்றைக் கணினிக் கோப்புகளாகவே சேமிக்கின்றனர்.

அக்கணினிகள் ஒரே வகையின அல்ல. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்டதாகும். வடிவமைப்பிலும் நூலாக்கத்திலும் ஈடுபடுவோர் மேக் கணினிகளைப் பயன்படுத்துகின்றனர். கோப்புகளைத் தொகுத்து வைக்கும் வழங்கிகள் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குகின்றன. ஆகவே ஒரு பதிப்புக் குழுவின் கோப்பு, நூலாக வெளிவருமுன் மூன்று இயங்குதளங்களையும் கடந்து செல்வது இயல்பாகிவிட்டது. அவ்வாறு கடக்கையில் பனுவலுக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

பகிர்வு நெறிமுறையும் சாம்பாவும்

ஒவ்வோர் இயங்குதளமும் கோப்பைச் சேமிப்பதற்கும் பெயரிடுவதற்கும் தனக்கெனக் கோப்பு முறைமை ஒன்றைக் கொண்டுள்ளது. ஒன்றின் கோப்பை மற்றொன்று வலையமைப்பின்வழித் திறக்க வேண்டுமெனில் இரண்டுக்கும் பொதுவான உரையாடல் முறை தேவை. அதுவே நெறிமுறை எனப்படுகிறது. விண்டோஸ் உலகில் இதற்கு வழங்குவது எஸ்எம்பி. ஐபிஎம் நிறுவனத்தில் 1980களில் தோன்றிய இதனை மைக்ரோசாஃப்ட் பின்னர் விரிவாக்கியது.

யுனிக்ஸ் வகைக் கணினிகள் இந்நெறிமுறையில் உரையாட வழிசெய்த மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991ஆம் ஆண்டு இறுதியில் இதனைத் தொடங்கினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அவ்வரிசையில் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் தேடியபோது கிடைத்த பெயரே சாம்பா. நெறிமுறையின் விவரங்கள் முழுமையாகக் கிடைக்காத சூழலில், இரு கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகளை உற்றுநோக்கி, இன்ன வினாவுக்கு இன்ன விடை என வரையறுத்து அம்மென்பொருள் வளர்க்கப்பட்டது. வழக்கை நோக்கி இலக்கணம் வகுக்கும் முறையோடு இதனை ஒப்பிடலாம். ஐரோப்பிய ஆணையம் தொடுத்த போட்டிச் சட்ட நடவடிக்கையின் விளைவாக, 2007ஆம் ஆண்டு டிசம்பரில்தான் மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணங்கள் ஓர் ஒப்பந்தத்தின்வழிச் சாம்பா குழுவினருக்குக் கிடைத்தன.

தமிழுக்கு இன்றியமையாத மாற்றம் 2003ஆம் ஆண்டு வெளிவந்த சாம்பா 3.0இல் நிகழ்ந்தது. அப்பதிப்பு முதல் கோப்புப் பெயர்கள் ஒருங்குறியில் பரிமாறப்பட்டன. அதன்பின்னரே விண்டோஸில் தமிழில் பெயரிட்ட கோப்பு, லினக்ஸ் வழங்கியிலும் தமிழ்ப் பெயருடன் நிற்க இயன்றது.

ஒரு வடிவமும் இரு குறிகளும்

பெயர் தமிழில் தோன்றுவதனாலேயே சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. ‘தொ’ என்னும் உயிர்மெய்யை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். தகரத்தை அடுத்து ‘ொ’ என்னும் முழுக் குறியை (பதின்மக் கணக்கில் 3018) இடுவது ஒன்று. தகரத்தை அடுத்துக் கொம்பையும் (3014) காலையும் (3006) தனித்தனியே இடுவது மற்றொன்று. முன்னதைச் சேர்வடிவம் எனவும் பின்னதைப் பிரிவடிவம் எனவும் இக்கட்டுரை குறிக்கிறது. இரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. திரையிலும் தாளிலும் அவற்றிடையே வேறுபாடு காண இயலாது.

இந்த இரட்டைநிலை ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் அனைத்துக்கும் உண்டு. ‘ஔ’ என்னும் உயிரும் ஒகரமும் ஔகாரக் குறியும் எனப் பிரியக்கூடியது. ஆகவே தமிழின் 247 எழுத்துகளில் 54 உயிர்மெய்களும் ஓர் உயிருமாக 55 எழுத்துகள் இதற்கு உட்படுகின்றன.

இயங்குதளங்கள் இவற்றைக் கையாளும் முறை வேறுபடுகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமை, தட்டச்சிட்ட வடிவத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்கிறது. வழக்கமான விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்வடிவத்தையே தருகின்றன. லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 முறைமைக்குப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசையே. பைட்டு வேறாயின் பெயரும் வேறு. மேக் கணினியில் 2017ஆம் ஆண்டு வரை இயல்பாக வழங்கிய எச்எஃப்எஸ்+ முறைமையோ, கோப்புப் பெயர்களைப் பிரிவடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. அதன்பின் வந்த ஏபிஎஃப்எஸ் தரப்பட்ட வடிவத்தைக் காக்கிறது. எனினும் இரு வடிவங்களையும் ஒரே பெயராகக் கொள்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ‘தொல்காப்பியம்’ என்னும் பெயருடைய கோப்பை ஒருவர் விண்டோஸிலிருந்து லினக்ஸ் வழங்கியில் இடுகிறார். அதே கோப்பைத் திருத்திய மற்றொருவர், பழைய மேக் கணினியில் சுருக்கக் கோப்பாக்கி அனுப்ப, அது வழங்கியில் விரிக்கப்படுகிறது. முதற்பெயர் 13 குறிகளும் 39 பைட்டுகளும் கொண்டது. இரண்டாவது 14 குறிகளும் 42 பைட்டுகளும் கொண்டது. ஆதலால் புதியது பழையதை நீக்கி அமராமல், இரண்டும் அருகருகே நிற்கின்றன. திறப்பவர் கண்ணுக்கு ஒரே பெயரில் இரு கோப்புகள். எது திருத்தப்பட்டது என்பதைப் பெயர் காட்டுவதில்லை. திருத்தப்படாத படியை எடுத்து அச்சுக்கு அனுப்பினால், ஏடுகளை ஒப்பிட்டுக் கண்ட திருத்தங்கள் அனைத்தும் வீணாகும்.

கோப்பின் உள்ளடக்கத்திலும் இதுவே நிகழ்கிறது. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தேடற்கருவியில் சேர்வடிவத்தில் ‘தொடி’ எனத் தேடினால், பிரிவடிவத்தில் உள்ள ‘தொடி’ அகப்படாது. அக்கருவியைக் கொண்டு அமைக்கும் சொல்லடைவில் அச்சொல்லின் எண்ணிக்கை குறையும். அவ்வெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட முடிவும் பிழைபடும்.

பழஞ்சுவடிகளைக் கற்றோர்க்கு இது ஒருவகையில் அறிமுகமான சிக்கலே. ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். அங்கே ஒரு வடிவம் பல எழுத்துகளுக்கு இடமளித்தது; பதிப்பாசிரியர் பொருளும் யாப்பும் நோக்கித் தெளிந்தார். கணினியில் நிலைமை தலைகீழானது: ஓர் எழுத்துக்குப் பல குறிகள் உள்ளன. இங்கே கூர்ந்த கண்ணும் புலமையும் மட்டும் உதவுவதில்லை. குறியை நோக்கினாலன்றி வேறுபாடு புலப்படாது.

இயல்பாக்கத்துக்கு அடங்காதவை

இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் செயல்முறை இயல்பாக்கம் எனப்படும். அது ஒருங்குறி நிகரென வரையறுத்தவற்றை மட்டுமே ஒன்றாக்கும். ஔவையார் பெயரை ஒகரமும் ளகரமுமாக ‘ஒள’ எனத் தட்டச்சிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது எழுத்துப் பிழையாதலால் இயல்பாக்கம் அதனைத் தொடாது. அவ்வாறே ‘ஸ்ரீ’ என்பதை ஸகரம் (3000) கொண்டும், 2005ஆம் ஆண்டு ஒருங்குறி 4.1இல் சேர்க்கப்பட்ட ஶகரம் (2998) கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம் பெறினும், ஒருங்குறி அவற்றை நிகராகக் கொள்வதில்லை. இத்தகையவற்றை மனிதரே தேடித் திருத்துதல் வேண்டும்.

பெயரின் நீளமும் நிறுத்தக்குறியும்

என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒரு பெயர் 255 குறி அலகுகள் வரை அமையலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஓர் அலகு. எக்ஸ்ட்4இல் எல்லை 255 பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்வதால், அங்கே 85 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடமில்லை. ‘தொல்காப்பியம் எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரை ஏட்டுப்படி ஒப்பீடு திருத்தியது இறுதி வடிவம்’ என்னும் பெயரில் 86 தமிழ்க் குறிகளும் 8 இடைவெளிகளும் உள்ளன. புள்ளியுடன் 5 குறிகள் கொண்ட பின்னொட்டையும் சேர்த்தால் விண்டோஸுக்கு அது 99 அலகுகள். லினக்ஸுக்கு 271 பைட்டுகள். முன்னதில் இயல்பாக நிற்கும் கோப்பு, பின்னதில் படியெடுக்கப்படாமல் மறுக்கப்படும்.

தமிழாய்வில் பாடல் எண்ணைக் குறிக்க முக்காற்புள்ளியும், நூற்பெயரைச் சுருக்க இறுதிப் புள்ளியும் இடுவது மரபு. ‘அகம்:12’ என்னும் பெயரை லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. வழங்கியில் அவ்வாறு பெயரிட்ட கோப்பைச் சாம்பா, விண்டோஸ் பயனருக்குப் பொருளற்ற குறும்பெயரில் காட்டுகிறது. ‘புறம்.’ எனப் புள்ளியில் முடியும் கோப்புறைப் பெயரும் விண்டோஸில் இயல்பாக அமையாது.

பனுவலின் வரிமுடிவிலும் வேறுபாடு உண்டு. எளிய உரைக்கோப்பில் விண்டோஸ் வரி இறுதிக்கு இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸும் இன்றைய மேக்கும் ஒன்றை இடுகின்றன. இரு படிகளைக் கருவிகொண்டு ஒப்பிடும்போது, ஒரு சொல்லும் மாறாதிருந்தும் எல்லா அடிகளும் வேறுபட்டனவாகக் காட்டப்படுவதற்கு இதுவே காரணமாகலாம்.

அச்சுப் பகிர்வு

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் அச்சுப்பொறியைப் பகிரும் மென்பொருளாகப் பரவலாக வழங்குவது கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999ஆம் ஆண்டு வெளியிட்ட இதனை ஆப்பிள் 2002ஆம் ஆண்டு தன் இயங்குதளத்தில் ஏற்றது. இணைய அச்சு நெறிமுறையான ஐபிபியை இது அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸ் கணினியில் இணைத்த அச்சுப்பொறியை விண்டோஸ் கணினியும் மேக் கணினியும் பயன்படுத்த இது வழிசெய்கிறது.

இங்கே கருதவேண்டியது, பக்கம் எந்தக் கணினியில் வடிவம் பெறுகிறது என்பதாகும். ஆணையிடும் கணினியிலேயே பக்கம் அமைக்கப்பட்டு, எழுத்துருவும் உள்ளடங்கிய பக்க விவரமாக அனுப்பப்படின், தமிழ் எழுத்துகள் சிதைவதில்லை. மாறாக, ஆவணக் கோப்பையே மற்றொரு கணினிக்குக் கொண்டுசென்று அச்சிடும்போது, அங்குள்ள எழுத்துருவே பக்கத்தை அமைக்கிறது. பழைய எட்டுபிட்டு எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பாயின், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த வரிகளே வெளிவரும். ஒருங்குறிக் கோப்பாயின் எழுத்துகள் படிக்கத்தக்கனவாக அமையும்; ஆனால் விண்டோஸ் 2000 முதல் வழங்கும் லதா எழுத்துருவின் இடத்தில் வேறோர் எழுத்துரு வரும்போது, எழுத்தின் அகலம் மாறி வரிகள் நகர்ந்து பக்க எண்களும் மாறுகின்றன. கையால் பக்க எண் இட்ட பொருளடக்கமும் சொல்லடைவும் அக்கணமே பிழையாகின்றன.

ஆகவே அச்சுக்குச் செல்லும் படியை எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் வடிவில் பகிர்வதே தக்கது. எனினும் பிடிஎஃப் அச்சுக்குரியதேயன்றி மூலப் பனுவலுக்கு மாற்றன்று. அதிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது, பல கோப்புகளில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னுமாகக் காட்சி வரிசையில் வந்து சொற்கள் குலைகின்றன.

பகிர்வின் பாதுகாப்பும் கருதத்தக்கது. எஸ்எம்பியின் முதற்பதிப்பில் இருந்த குறையைப் பயன்படுத்தியே 2017ஆம் ஆண்டு மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டியது. அதே ஆண்டு முதல் விண்டோஸின் புதிய நிறுவல்களில் அப்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை. அப்பதிப்பை மட்டுமே அறிந்த பழைய வருடிகளும் படியெடுக்கும் பொறிகளும் பகிர்ந்த கோப்புறையில் கோப்பை இட இயலாமற்போவதற்கு இது ஒரு காரணம். அதனைச் சரிசெய்யப் பழைய பதிப்பை மீண்டும் இயக்குவது, ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த படிகளை இடருக்கு உள்ளாக்கும்.

தொகுப்புரை

தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருங்குறியைத் தகுதரமாக ஏற்றதன்மூலம் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களால் விளைந்த குழப்பம் பெருமளவு குறைந்தது. ஆயினும் தகுதரம் ஒன்றாதல் மட்டும் பனுவல் ஒன்றாதலை உறுதிசெய்யாது என்பதை மேற்கூறியவை காட்டுகின்றன. பதிப்புக் குழுக்கள் பின்வருவனவற்றைப் பணியின் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ளுதல் நலம்.

1. பெயரும் பனுவலும் சேர்வடிவத்திலேயே அமைதல் வேண்டும். வழங்கியில் ஏற்கெனவே கலந்துள்ள பெயர்களை லினக்ஸில் கன்வ்எம்வி என்னும் கருவியால் மாற்றலாம். பனுவலை ஒப்பிடுமுன்னும் சொல்லடைவு தொகுக்குமுன்னும் இயல்பாக்கம் செய்தல் வேண்டும்.

2. கோப்புப் பெயர் குறுகியதாகவும், முக்காற்புள்ளியும் இறுதிப் புள்ளியும் அற்றதாகவும் அமைதல் வேண்டும். ‘இறுதி’, ‘திருத்தியது’ என்பவற்றினும் நாளைக் குறிக்கும் எண்களே படிகளின் முன்பின் வரிசையைத் தெளிவாகக் காட்டும்.

3. மூலப் பனுவல் யுடிஎஃப்-8 உரைக்கோப்பாகவும், அச்சுப்படி பிடிஎஃப் கோப்பாகவும் தனித்தனியே பேணப்படுதல் வேண்டும்; வரிமுடிவு ஒரே முறையில் அமைதல் வேண்டும்.

4. பதிப்பின் முன்னுரையில், எந்த ஏடுகள் ஒப்பிடப்பட்டன என்பதோடு, மின்பனுவல் எவ்வடிவில் இயல்பாக்கம் செய்யப்பட்டது என்பதும் குறிக்கப்படுதல் வேண்டும்.

இவற்றுள் நான்காவது வரையறை தனிக் கவனத்துக்குரியது. ஏடெழுதுவோரால் விளைந்த பாடவேறுபாடு பனுவலின் வரலாற்றைச் சேர்ந்தது. அது பதிவு பெறத் தக்கது. கோப்பு முறைமையால் விளைந்த வேறுபாடு பனுவலுக்கு உரியதன்று. இரண்டையும் பிரித்தறியும் குறிப்பைப் பதிப்பாசிரியர் விட்டுச்செல்லாவிடில், அப்பனுவலைப் பின்னர்க் கையாளும் ஆய்வாளருக்கு அவற்றைப் பிரிப்பதற்கு வேறு சான்று இராது.